கலங்கிய மனமும் கலங்காத இசையும்

பலர் கூடி ஒரு செயலைச் செய்யும்போது, அவர்களை ஒருமுகப்படுத்த ஒருவர் வேண்டும். மதுரை மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடும்போது, வடம் பிடிக்கும் கைகள் ஆயிரமாக இருப்பினும், அவை இசைந்து இழுக்கும் கணத்தை ஒரு குரலே அறிவிக்கிறது. இசையிலும் இவ்வாறே. சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறவந்த இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை விரித்துரைக்கிறார். குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் தொடர்ந்து ஒன்றிய முறையையும் காட்டுகிறார். பல கருவிகள் கூடி ஒலிக்கும் இசையைப் 'பல்லியம்' என்று நம் முன்னோர் வழங்கினர்.

மேனாட்டுப் பல்லியம் அளவில் மிகப் பெரியது. அதில் எண்பது, தொண்ணூறு, சில வேளைகளில் நூறு பேருக்கு மேலும் அமர்ந்து வாசிப்பார்கள். வயலின் வகைகள் ஒருபுறம், குழல்கள் நடுவில், பித்தளை ஊதுகருவிகளும் முரசங்களும் பின்புறம். இத்தனை பேருக்கும் முன்னே ஒரு மேடைமீது ஒருவர் நிற்பார். அவர் கையில் எந்த வாத்தியமும் இராது. அவர் ஒரு சுரமும் வாசிப்பதில்லை. ஆயினும் அந்த அரங்கில் எழும் ஒவ்வோர் ஒலிக்கும் அவரே பொறுப்பாளி. இசையின் வேகம் எது, எந்தக் கருவி உயர வேண்டும், எது அடங்க வேண்டும், எங்கே மௌனம் நிலவ வேண்டும் என்பனவற்றை அவர் கை அசைவும் கண் அசைவும் உணர்த்தும். இவரைப் பல்லிய நெறியாளர் என்று சொல்லலாம். நம் நாட்டிலும் 1952-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி 'வாத்திய விருந்தா' என்ற குழுவை அமைத்தபோது, பண்டித இரவிசங்கரும் நம் டி. கே. ஜெயராம ஐயரும் இத்தகைய நெறியாளர் பணியை மேற்கொண்டனர்.

நூறு மனங்களை ஒரு மனமாக்குவதே நெறியாளரின் தொழில். அத்தகைய ஒருவருக்குத் தம் மனமே அடங்காத குதிரையாகிவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடையாக அமைந்தது ஓட்டோ கிளெம்பரர் என்ற ஜெர்மானிய இசை அறிஞரின் வாழ்க்கை. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த நெறியாளர்களுள் ஒருவர் அவர். வாழ்நாள் முழுவதும் கடுமையான மனநோயோடு வாழ்ந்தவரும் அவரே. அவர் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

கிளெம்பரர் 1885-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் பிரெஸ்லாவ் என்னும் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகர் அன்று ஜெர்மனிக்கு உரியது. இன்று போலந்து நாட்டில் விரோத்சுவாஃப் என்ற பெயரில் விளங்குகிறது. அவர் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் ஹாம்பர்க் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயார் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர்; அவரிடமே மகன் முதற்பாடம் கேட்டான். பின்னர் பிராங்க்பர்ட்டிலும் பெர்லினிலும் இசைப் பள்ளிகளில் பயின்றார். தனி வித்துவானாகப் பியானோ மேடையில் அமர்வதே அவர் முதல் நோக்கம். ஆனால் கூட்டத்தின்முன் தனித்து வாசிக்கும்போது அவரை ஓர் அச்சம் பற்றியது. அந்த அச்சமே அவரை நெறியாளர் பணியின் பக்கம் திருப்பியது எனலாம்.

1905-ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அக்காலத்தில் குஸ்தாவ் மாலர் என்ற பெரும் இசையாசிரியர் வியன்னா நகரில் புகழுடன் விளங்கினார். அவர் இயற்றிய இரண்டாம் சிம்பொனி பெர்லினில் அரங்கேறியபோது, மேடைக்கு அப்பால் மறைவிடத்தில் அமர்ந்து ஊதும் சிறு குழுவை வழிநடத்தும் பொறுப்பு இருபது வயது இளைஞரான கிளெம்பரருக்குக் கிடைத்தது. மாலர் நேரில் வந்திருந்தார். அவர் பாராட்டுதல் இளைஞரின் உள்ளத்தில் தீயை மூட்டியது. பின்னர் அந்த சிம்பொனியைப் பியானோவுக்கு ஏற்பச் சுருக்கி எழுதிக்கொண்டு வியன்னாவுக்குச் சென்று, அதன் ஒரு பகுதியை ஏடு பாராமல் மாலர் முன்னிலையில் வாசித்துக் காட்டினார். மாலர் தம் பெயர் அச்சிட்ட சிறு அட்டையில், இவ்விளைஞர் நெறியாளர் ஆவதற்கு ஏற்றவர் என்று பரிந்துரை எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையைக் கொண்டு 1907-ஆம் ஆண்டில் பிராகு நகரின் ஜெர்மன் இசைநாடக அரங்கில் கிளெம்பரர் பணியேற்றார். அந்த அட்டையைத் தம் இறுதிக் காலம்வரை அவர் போற்றிப் பாதுகாத்தார்.

இப்படித் தொடங்கிய வாழ்வில், இளமையிலேயே நோயின் நிழலும் விழுந்தது. அந்நோயின் இயல்பை ஈண்டு விளக்குவது பொருத்தமாகும்.

மனித மனத்தில் களிப்பும் கவலையும் மாறி மாறி வருதல் இயற்கை. ஆனால் சிலருக்கு இவை அளவு கடந்து, காரணமும் இன்றி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிக்கின்றன. எழுச்சிக் காலத்தில் அவர்களுக்கு உறக்கம் வேண்டுவதில்லை, எண்ணங்கள் காட்டாறாகப் பெருகும், தம்மால் இயலாதது எதுவும் இல்லை என்று தோன்றும், பொருளை வாரி இறைப்பார்கள், எதிர்த்தவரிடம் சீறுவார்கள். பிறகு தாழ்ச்சிக் காலம் வரும். அப்போது படுக்கையைவிட்டு எழுவதும் மலையைப் பெயர்ப்பது போலாகும். தாம் செய்த பணி யாவும் வீண் என்று தோன்றும். உயிர் வாழ்வதே சுமையாகும். 1899-ஆம் ஆண்டில் எமில் கிரெப்பெலின் என்ற ஜெர்மன் மருத்துவர் இவ்விரண்டு நிலைகளும் ஒரே நோயின் இரு முகங்களே என்று வகுத்துக் காட்டினார். இன்று மருத்துவ உலகம் இதனை இருமுனை மனநோய் என்று அழைக்கிறது. இது பேய்க்கோளாறும் அன்று. ஒழுக்கக் குறைவும் அன்று. மன உறுதி இல்லாமையும் அன்று. நீரிழிவைப் போலவும் இருதய நோயைப் போலவும் இதுவும் ஒரு நோய்.

கிளெம்பரர் ஹாம்பர்க்கில் 1910 முதல் 1912 வரை பணியாற்றினார். அக்காலத்திலேயே தாழ்ச்சி அவரைப் பற்றி, வேலையைவிட்டு ஒதுங்கியிருக்க நேர்ந்தது. பின்பு எழுச்சி வந்தது. அதனோடு பூசலும் வந்தது. மணமான ஒரு பாடகியோடு கொண்ட காதல் ஊரறிந்த வழக்காகி, அந்நகரைவிட்டே அவர் வெளியேறினார். கோனிக்ஸ்டைன் என்ற ஊரில் டாக்டர் ஆஸ்கார் கோன்ஷ்டாம் நடத்திய நலமனையிலும் அவர் தங்கிச் சிகிச்சை பெற்றார். எனினும், ஒவ்வொரு முறையும் மீண்டு எழுந்தார். பார்மென், ஸ்ட்ராஸ்பர்க், கொலோன், வீஸ்பாடன் என்று ஊர் ஊராகப் பணியாற்றி, ஒவ்வோர் ஊரிலும் தம் தகுதியை நிலைநாட்டினார். கொலோன் நகரில் யோஹன்னா கைஸ்லர் என்ற பாடகியை 1919-ஆம் ஆண்டில் மணந்தார். அவர்களுக்கு வெர்னர் என்ற மகனும் லோட்டே என்ற மகளும் பிறந்தனர்.

1927-ஆம் ஆண்டில் பெர்லினில் குரோல் இசைநாடக அரங்கு அவர் பொறுப்பில் வந்தது. செல்வர்களுக்கே உரியதாக இருந்த இசைநாடகத்தைத் தொழிலாளரும் எளிய மக்களும் காணுமாறு செய்வது அவ்வரங்கின் நோக்கங்களுள் ஒன்று. பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வுடன் அவர் தம் பணியைத் தொடங்கினார். அநீதியாகச் சிறைப்பட்ட கணவனை, ஆணுடை தரித்துச் சிறைக்குள் புகுந்து மீட்கும் ஒரு மனைவியின் கதை அது. பழைய நாடகங்களைப் புதிய மேடையமைப்போடு வழங்கினார். ஸ்ட்ராவின்ஸ்கி, ஹிண்டமித், ஷோன்பர்க், யானாசெக் போன்ற புதியவர்களின் இசையையும் துணிந்து அரங்கேற்றினார். புதுமை என்றால் எதிர்ப்பும் உண்டல்லவா? பொருள் முடையும் அரசியற் பகையும் சேர்ந்து, 1931-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவ்வரங்கை மூடிவிட்டன. நான்கே ஆண்டுகள் நடந்த அவ்வரங்கை இசைநாடக வரலாறு இன்றும் போற்றுகிறது.

அந்தக் கட்டிடத்துக்கு நேர்ந்த கதி வரலாற்று மாணவர் அறியத்தக்கது. 1933-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டிடம் தீக்கிரையானபின், உறுப்பினர்கள் குரோல் அரங்கிலேயே கூடினர். அதே ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள், ஹிட்லருக்கு எல்லையற்ற அதிகாரம் அளிக்கும் சட்டம் அங்கேதான் நிறைவேறியது. விடுதலையின் இசை ஒலித்த மேடையில் அடிமைச் சாசனம் எழுதப்பட்டது. கிளெம்பரர் யூதர், புதுமை விரும்புபவர். இரண்டும் அந்த ஆட்சிக்கு ஆகாதவை. அவர் 1933 ஏப்ரல் 4-ஆம் நாள் ஜெர்மனியைவிட்டு வெளியேறிச் சுவிட்சர்லாந்து சேர்ந்தார். குடும்பம் பின்தொடர்ந்தது.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்லியம் அவரை அழைத்துக்கொண்டது. ஆறு ஆண்டுகள் அதன் தலைமையை வகித்தார். அவரைப் போலவே நாட்டைத் துறந்து வந்த ஷோன்பர்க்கும் அந்நகரில் வாழ்ந்தார். ஐம்பது வயதை எட்டிய, உலகப் புகழ் பெற்ற நெறியாளர், ஷோன்பர்க்கிடம் மாணவனாக அமர்ந்து இசையமைப்புப் பாடம் கேட்டார். கல்விக்கு வயது வரம்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1939-ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. தலைச்சுற்றலும் நடைத் தடுமாற்றமும் கண்டு மருத்துவரை நாடியபோது, மூளையில் பெரிய கட்டி இருப்பது தெரிந்தது. பாஸ்டன் நகரில் அறுவை நடந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் உடலின் வலப்பக்கம் ஓரளவு செயலிழந்தது, முகமும் நாவும் பாதிக்கப்பட்டன. தெளிவாகப் பேசுவதும் அரிதாயிற்று. அதனோடு நில்லாமல், மனநோயின் எழுச்சிக் காலமும் முன் எப்போதும் இல்லாத கடுமையோடு வந்து சூழ்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பதவி போயிற்று.

1941-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. நியூயார்க்கு மாநிலத்தில் ரை என்னும் ஊரில் இருந்த ஒரு நலமனையில் அவர் சேர்க்கப்பட்டிருந்தார். அங்கிருந்து ஒரு நாள் தாமே வெளியேறிவிட்டார். போலீசுத் துறை தேடத் தொடங்கியது. நாட்டின் முதன்மை நாளேடு ஒன்று அவரைக் காணவில்லை என்று முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. அண்டை மாநிலமான நியூஜெர்சியில் அவரைக் கண்டுபிடித்தபோது, கம்பிகளுக்குப் பின்னால் அவர் நிற்கும் படத்தை மற்றொரு நாளேடு அச்சிட்டது. அவர் யாரையும் தாக்கவில்லை, எதையும் திருடவில்லை. அவர் செய்த குற்றம் நோயுற்றிருந்தது ஒன்றே. ஆனால் அந்தப் படத்தைக் கண்ட பின், அவரை நம்பிப் பல்லியத்தை ஒப்படைக்க அமெரிக்காவில் எவரும் முன்வரவில்லை. நோய் அவரிடமிருந்து சில மாதங்களைப் பறித்தது. உலகத்தின் அச்சமோ பல ஆண்டுகளைப் பறித்தது. இவ்விரண்டில் எது கொடியது என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

போர் முடிந்தபின் ஹங்கேரி நாடு அவருக்குக் கதவைத் திறந்தது. 1947 முதல் 1950 வரை புடாபெஸ்ட் நகரின் அரசு இசைநாடக அரங்கில் பணியாற்றினார். கலையில் அரசியல் தலையிடத் தொடங்கியதும் அங்கிருந்து விலகினார். 1951-ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரீல் விமான நிலையத்தில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பின் நின்று நெறியாள இயலாமல், நாற்காலியில் அமர்ந்தே கையசைத்தார். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதில் அமெரிக்க அரசு எழுப்பிய தடையினால், ஐரோப்பாவிலிருந்து அழைப்புகள் வந்தும் சில காலம் செல்ல முடியாமல் தவித்தார். மூளைக் கட்டி, முடங்கிய உடல், முறிந்த எலும்பு, மாறாத மனநோய், வறுமை, நாடிழந்த நிலை ஆகிய அத்தனையும் ஒருவர்மேல் ஒருங்கே வந்து விழுந்தன. வயதோ எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி அவர் வாழ்வில் இசை ஏது என்றே எவரும் முடிவு கட்டியிருப்பர்.

ஆனால் அவருடைய பொற்காலம் அதன் பிறகே தொடங்கியது.

இலண்டன் நகரில் வால்ட்டர் லெக் என்பவர் 1945-ஆம் ஆண்டில் 'பில்ஹார்மோனியா' என்ற பல்லியத்தை நிறுவியிருந்தார். இசைத்தட்டுகள் பதிவு செய்வதே அதன் முதன்மையான பணி. லெக் கிளெம்பரரின் திறமையை உணர்ந்தார். 1954-ஆம் ஆண்டு முதல் அவர் நெறியாளுகையில் பதிவுகள் தொடங்கின. பீத்தோவன், பிராம்ஸ், மாலர், பாக் ஆகியோரின் பெரும் படைப்புகள் ஒவ்வொன்றாக இசைத்தட்டில் ஏறின. 1957-ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் நடத்திய பீத்தோவன் இசை விழாவுக்கு மக்கள் திரண்டு வந்தனர்.

அவருடைய இசையின் தனிச்சிறப்பு யாது? அது ஆரவாரம் இல்லாதது. வேகம் பெரும்பாலும் நிதானமானது. சிலர் அதனை மிகவும் மெதுவானது என்றும் குறை கூறினர். ஆயினும் அந்த நிதானத்தில் ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்டது. முதல் வயலின்களை இடப்புறத்திலும் இரண்டாம் வயலின்களை வலப்புறத்திலும் எதிரெதிராக அமர்த்தினார். இருசாராரும் உரையாடுவதுபோல் இசை பிறந்தது. வயலின்களின் பெருக்கில் அமிழ்ந்துவிடும் மரக்குழல்களின் ஒலியை முன்னே கொண்டுவந்தார். கோயிற் கோபுரத்தைச் சுற்றி வந்து அடித்தளம் முதல் கலசம் வரை நிலை நிலையாகக் காண்பது போல, அவர் இசையில் ஒரு படைப்பின் கட்டமைப்பு முழுவதும் புலப்பட்டது என்று சொல்லலாம். தம் மனத்தில் ஒழுங்கு குலைந்து துன்புற்ற ஒருவர், இசையில் குலையாத ஒழுங்கை எழுப்பிக் காட்டினார்.

துன்பம் அதோடும் விடவில்லை. 1958-ஆம் ஆண்டில் சூரிச் நகரில், புகைக்குழாயோடு படுக்கையில் கண்ணயர்ந்தபோது படுக்கை தீப்பற்றியது. அருகிலிருந்த குப்பியைத் தண்ணீர் போல எடுத்து ஊற்றினார். அதில் இருந்ததோ கற்பூரம் கலந்த சாராயம். தீ மேலும் மூண்டது. கடுந்தீக்காயங்களோடு நெடுநாள் கிடந்தார். மறுபடியும் எழுந்தார். 1959-ஆம் ஆண்டில் பில்ஹார்மோனியா அவரைத் தன் வாழ்நாள் முதன்மை நெறியாளராக ஏற்றது. 1961-ஆம் ஆண்டில் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், தம் நெஞ்சுக்கு உகந்த 'ஃபிடேலியோ'வை இசையோடு மேடை நடிப்பையும் தாமே பொறுப்பேற்று வழங்கினார்.

1964-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லெக் திடீரென்று பில்ஹார்மோனியாவைக் கலைத்துவிடுவதாக அறிவித்தார். வாத்தியக்காரர்கள் மனம் தளரவில்லை. தாங்களே கூடித் தங்களுக்குள் நிருவாகக் குழுவைத் தேர்ந்து, 'நியூ பில்ஹார்மோனியா' என்ற பெயரோடு தொடர்ந்து வாசிக்க முடிவு செய்தனர். எழுபத்தொன்பதாம் வயதில் இருந்த கிளெம்பரர் அவர்கள் பக்கம் நின்றார். அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நெறியாளுகையில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழங்கியது. ஒரு காலத்தில் எந்தப் பல்லியமும் நம்ப மறுத்த மனிதரை, ஒரு பல்லியம் தன் வாழ்வுக்கே நம்பியது. 1971-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இறுதி முறையாகப் பொதுமேடையில் நெறியாண்டார். 1973-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில், சூரிச் நகரில் உறக்கத்தில் அமைதியடைந்தார்.

நேயர்களே, இவ்வரலாற்றைக் கேட்ட சிலர், மேதைக்குப் பித்தும் உடன்பிறப்பு. அந்த நோயே அவருக்கு இசையைத் தந்தது என்று கூறக்கூடும். இறைவனையே பித்தன் என்று அன்போடு அழைக்கும் மரபில் வந்தவர்கள் நாம். ஆதலால் இக்கருத்து நமக்கு இனிமையாகவே தோன்றும். ஆயினும் அது உண்மையாகாது. அவர் வாழ்க்கையை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், நோய் முற்றிய காலங்களில் அவர் இழந்தவையே மிகுதி என்பது விளங்கும். பதவிகள் போயின, நட்புகள் முறிந்தன, குடும்பம் அலைக்கழிந்தது. தாழ்ச்சி வந்தபோது இசை ஏட்டைத் திறக்கவும் மனம் ஒப்பவில்லை. அவருடைய அரும்பெரும் பணிகளுக்கு அடிப்படையாக இருந்தவை இளமையில் பெற்ற கடும் பயிற்சியும், ஏட்டின் ஒவ்வோர் எழுத்தையும் ஆராயும் உழைப்பும், நோயின் அலைகளுக்கு இடையே கிடைத்த தெளிந்த நாட்களுமே. நோய் அவர் கலையின் தாய் அன்று. அக்கலை கடந்து வர வேண்டியிருந்த காட்டாறு.

மற்றொன்றும் கூற வேண்டும். அக்காட்டாற்றை அவர் தனியாகக் கடக்கவில்லை. மனைவி யோஹன்னா, எழுச்சியிலும் தாழ்ச்சியிலும் அவரைத் தாங்கினார். 1956-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், மகள் லோட்டே தந்தையின் செயலராகவும் செவிலியாகவும் காவலராகவும் இறுதிவரை உடனிருந்தார். இசைத்தட்டின் உறையில் நெறியாளர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். லோட்டேயின் பெயர் அங்கே இராது. ஆனால் அந்த இசையில் அவர் பங்கும் உண்டு. மனநோயாளி ஒருவர் வாழ்கிறார் என்றால், அவருக்குப் பின்னால் உறங்காத ஒருவர் இருக்கிறார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மருத்துவம் அவருக்கு உதவ முடிந்ததும் சிறிதே. 1949-ஆம் ஆண்டில் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், லித்தியம் என்னும் எளிய உப்பு இந்நோயின் கடும் எழுச்சியைத் தணிக்கிறது என்று கண்டறிந்து வெளியிட்டார். அது உலகெங்கும் வழக்கத்துக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது 1970-ஆம் ஆண்டில்தான். அதற்குள் கிளெம்பரர் எண்பத்தைந்து வயது முதியவர். இன்று லித்தியத்தோடு வேறு பல மருந்துகளும் உள்ளன. முறையாகச் சிகிச்சை பெறுவோர் படிக்கிறார்கள், பணி செய்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். கிளெம்பரருக்குக் கிட்டாத வாய்ப்பு நம் காலத்தவர்க்குக் கிட்டியிருக்கிறது.

அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி. சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி ஏற்பட்டது. 1871-ஆம் ஆண்டில் அது கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்று, இன்று மனநல நிலையமாக விளங்குகிறது. 1961-ஆம் ஆண்டில் அதன் தலைமையை ஏற்ற டாக்டர் சாரதா மேனன், நோயாளிகளை மீண்டும் சமுதாயத்தில் வாழச் செய்வதே மருத்துவத்தின் நிறைவு என்று கருதி, 1984-ஆம் ஆண்டில் அதற்கென ஓர் ஆய்வு நிறுவனத்தையும் தோற்றுவித்தார். இவ்வாறு பெருமைப்படத்தக்க செய்திகள் உண்டு. தலைகுனியத்தக்க செய்தியும் உண்டு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். கிளெம்பரரின் படுக்கையும் தீப்பற்றியது. ஆனால் அவர் காலில் சங்கிலி இல்லை. அதனால் அவர் பிழைத்தார். பிழைத்ததனால் இசை வளர்ந்தது. ஏர்வாடியில் மாண்டவர்களுள் யார் யார் என்னென்ன திறமை உடையவரோ, யார் அறிவார்? திறமை இல்லாதவராகவே இருப்பினும் என்ன? அவர்களும் ஒரு தாயின் மக்களே.

அத்தீயின் பின்னர் நாட்டின் மனச்சான்று விழித்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டில் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணிக்கலாகாது என்று விதித்துள்ளது. சிகிச்சை பெறுவது அவருடைய உரிமை என்றும் கூறுகிறது. சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் வழியாக வையைப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், கட்டணமின்றி ஆலோசனை சொல்லும் ஏற்பாட்டை மைய அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கியுள்ளது. வழிகள் இருக்கின்றன. அவ்வழியில் செல்ல விடாமல் தடுப்பது வெட்கம் ஒன்றே. காய்ச்சல் என்றால் வாய்விட்டுச் சொல்கிறோம். மனம் நோகிறது என்றால் மறைக்கிறோம்.

மாணவ அன்பர்களே, உங்கள் வகுப்பில், விடுதியில், வீட்டில், இப்படி வருந்துவோர் இருக்கலாம். நாட்கணக்கில் உறங்காமல் அளவு கடந்து பேசுபவரையும், எவரிடமும் பேசாமல் மூலையில் ஒடுங்குபவரையும் கண்டால், கைகொட்டி நகைக்காதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலை உங்களுக்கே நேர்ந்தால் ஒளிக்காதீர்கள்.

பல்லியத்தில் ஒரு கருவியின் சுருதி கலைந்தால், நல்ல நெறியாளர் அதனைத் தூக்கி எறிவதில்லை; சுருதி சேர்த்துத் தருமாறு பணித்து, அதுவரை காத்திருந்து, பிறகு அதனையும் சேர்த்துக்கொண்டே இசையைத் தொடங்குவார். சமுதாயமும் ஒரு பல்லியமே. அதில் எந்தக் கருவியும் விடுபடாமல் காப்பது நம் எல்லோருடைய கடமை.